கொழும்பிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கு: 2022 மே

மே 14, சனி. வெள்ளவத்தை

விமான நிலையத்திலிருந்து என்னைக் கூட்டிவந்த வாடகைக் கார்ச் சாரதி, முந்தின நாள் இரவு முழுக்கப் பெற்றோல் வரிசையில் கிடந்தவர். காருக்குள்ளேயே படுத்து, விடிய ஒரு கடைக்காரரின் பைப்பில் முகம் கழுவி, மத்தியானம் போலத்தான் எண்ணெய் கிடைத்திருக்கிறது. நீர்கொழும்புக்காரர், கட்டுவாப்பிட்டி தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அதே தேவாலயம்தான். அந்தக் காலையில் அவருடைய மனைவியின் அக்கா உள்ளே இருந்தார் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே மெதுவாக.

"மூன்று வருடமாக நாங்கள் நீதி கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது எங்களோடு நின்றவர்கள் கொஞ்சப் பேர்தான். இப்போது எல்லாரும் கேட்கிறார்கள்" என்றார். அதற்குப் பிறகு வெள்ளவத்தை வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

லண்டனிலிருந்து வரும்போது பெட்டியில் உடுப்பை விட மருந்துதான் கூட. சித்தப்பாவின் பிரஷர் குளிசை, மாமியின் தைராய்டு குளிசை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு இன்ஹேலர், மிச்ச இடத்தில் பால்மா. போன மாதம் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. டொலர் இல்லை, அதனால் மருந்து இல்லை, காஸ் இல்லை, கடதாசி இல்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் இப்போது 360.

மாமி நாலாம் மாடியில் இருக்கிறார். கரண்ட் இல்லாத நேரம் லிஃப்டும் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் மாமியின் வீட்டை எரித்தார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்துவிட்டு, 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கியவர். இந்த மாதம் 9ஆம் திகதி, ஜனாதிபதி கோட்டாபய விலக வேண்டும் என்று காலிமுகத்திடலில் இருந்த போராட்டக்காரரை ஆளும் கட்சி ஆட்கள் அடித்தார்கள். அன்று இரவே நாடு முழுக்க அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. தொலைபேசியில் அந்த வீடியோக்களைப் பார்த்த என் வயதுக்காரர் பலர் சந்தோஷப்பட்டதை நான் அறிவேன். மாமி தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டாராம்.

"வீடு எரியிறதைப் பார்க்க எனக்கு ஏலாது பிள்ளை. அது ஆரின்ர வீடெண்டாலும்."

மே 16, திங்கள். ரயிலில்

நேற்று வெசாக், பௌத்தர்களின் பண்டிகை. இருந்த ஊரடங்கைத் தளர்த்தியிருந்தார்கள். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடந்தேன், வெசாக் கூடுகள் குறைவு. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

இன்று யாழ்ப்பாண ரயில். பெற்றோல் தட்டுப்பாட்டால் காரில் போகிறவர்களும் ரயிலுக்கு வந்துவிட்டார்கள். நடைபாதையில் பைகளுக்கு மேல் ஆட்கள். பொல்காவலை, குருநாகல், மாகோ வரைக்கும் பச்சை, அப்புறம் வறண்ட பூமி. வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். போன வருஷம் இரவோடிரவாக இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நவம்பரில் அதை விலக்குவதற்குள் பெரும்போகத்துக்கு நடந்த சேதம் நடந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அநுராதபுரத்து விவசாயி, தன் வயல் இருக்கும் திசையைக் கையால் காட்டினாரே ஒழிய விளைச்சலைப் பற்றி வாய் திறக்கவில்லை. இறங்கும்போது தன்னிடம் இருந்த மாம்பழங்களில் இரண்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

வவுனியா தாண்டியதும் பெட்டிக்குள் தமிழ் கூடுகிறது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம். இந்தப் பாதையில் 1990க்குப் பிறகு ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிப் பதுங்குகுழிக்கு மூடி போட்டது ஒரு தலைமுறை. 2014 அக்டோபரில்தான் திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ரயில் வந்தது. ஆனையிறவு உப்பளத்தைத் தாண்டும்போது எப்போதும்போல் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

நாவற்குழியில் எனக்குக் கை குளிர்ந்தது. 1995 அக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டு, மழையில், நெருக்குண்டு, இந்தப் பக்கமாகத்தான் தென்மராட்சிக்கு வந்தோம். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் உருட்டினேன். வழி முழுக்க ஆட்கள், ஆனால் சத்தம் இல்லை. குழந்தைகளின் அழுகையும் மழையும் மட்டும்தான்.

இரவு கோப்பாயில் சித்தப்பா வீட்டில் தொலைக்காட்சி பார்த்தோம். நாலு நாளுக்கு முன் பிரதமரான ரணில் விக்கிரமசிங்க நாட்டுக்கு உரையாற்றினார். கையிருப்பில் ஒரு நாளுக்குத்தான் பெற்றோல் இருக்கிறதாம். சித்தப்பா எழும்பிப் போய் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கினார்.

மே 17, செவ்வாய். கோப்பாய்

சித்தப்பாவுக்கு 71 வயது. செம்மண் தோட்டம், வெங்காயமும் மிளகாயும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின் மண்ணெண்ணெயில் ஓடுவது. லீற்றர் 87 ரூபாதான், ஆனால் இல்லை. காலை மூன்றரைக்கு எழும்பி வரிசையில் கானை வைத்துவிட்டு வந்து, ஆறு மணிக்குத் திரும்பப் போய்த் தன் கானுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இன்று நானும் போனேன். கான்கள் எல்லாம் ஒரு கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தன, யாரும் இடையில் புகக்கூடாது என்று. வீட்டுப் பெயரைப் பெயின்றால் எழுதிய கான், பழைய எண்ணெய்க் கான், கைபிடி உடைந்ததற்குச் சணல் கட்டிய கான். குருநகரிலிருந்து வந்த ஒரு மீனவர் சொன்னார், வள்ளம் கரையிலேயே கிடக்கிறதாம். எஞ்சினுக்கு அதே மண்ணெண்ணெய்தான். இங்கே கிடைக்கும் என்று யாரோ சொல்லி, இவ்வளவு தூரம் சைக்கிளில் வந்திருந்தார். பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது என்றார்கள். சித்தப்பாவுக்கு ஐந்து லீற்றர் கிடைத்தது. மீனவருக்கு இல்லை. சித்தப்பா அவருக்கு ஒரு லீற்றர் ஊற்றிக் கொடுத்தார். கடலுக்குப் போக அது காணாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மத்தியானம் சாப்பிட்டபின் ஒரு ஜாம் போத்தலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் வயதுக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. போர் நாட்களில் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய் யானை விலை விற்றபோது, இந்த விளக்கில்தான் யாழ்ப்பாணப் பிள்ளைகள் படித்தார்கள். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அதில் ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய். பழைய சைக்கிள் வால்வுக்குள் நூலைத் திரியாகக் கோத்து நிறுத்தினால், போத்தலுக்குள்ளேயே சின்னச் சுடர் நிற்கும். காற்றுக்கு அணையாது, ஒரு இரவு படிக்கலாம். சித்தப்பாவின் விரல்கள் நடுங்கின, ஆனால் எந்த அளவும் மறக்கவில்லை. பேத்திக்கு 23ஆம் திகதி ஓ.எல். சோதனை தொடங்குகிறது, அவளுக்குத்தான் இது.

"உரத்துக்குத் தடை, எண்ணெய்க்குத் தடை, பற்றரிக்குத் தடை, சவர்க்காரத்துக்குத் தடை. நாங்கள் பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சனாங்கள்" என்றார். "அண்டைக்கு இது எங்களுக்கு மட்டும்."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் பழி தீர்க்கும் குரலில் சொல்லவில்லை. இங்கே வந்தது முதல் பல பேர் வாயால் 'இப்பதான் அவைக்கு விளங்குது' என்று கேட்டுவிட்டேன். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பால்மா இல்லாத தாய் மாத்தறையில் இருந்தாலும் மானிப்பாயில் இருந்தாலும் அந்தக் குழந்தைக்குப் பசி ஒன்றுதான். மார்ச்சில் வரிசையில் நின்று விழுந்து செத்த முதியவர்களை நினைக்கிறேன். அதே நேரம், 'இப்போது எல்லாரும் இலங்கையர், பழையதைக் கிளறாதே' என்று கொழும்பிலிருந்து எழுதுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. சித்தப்பா வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில், போரில் செத்த புலிகளைப் புதைத்த துயிலும் இல்லம் இருந்தது. அதை இடித்து அதன்மேல் இராணுவப் படைத் தலைமையகம் கட்டியிருக்கிறார்கள். அந்த மண்ணுக்குக் கீழே பிள்ளையை வைத்த தாய் ஒவ்வொரு நாளும் வெளிவீதியால் போகிறாள். கிளறாமலே அது மேலேதான் இருக்கிறது.

நாளை விடியப்புறம் முள்ளிவாய்க்கால், 2009 மே 18இல் போர் முடிந்த இடத்தில் நடக்கும் நினைவேந்தலுக்கு.

மே 18, புதன். முள்ளிவாய்க்கால்

வீட்டுக்கு வந்து சேர இரவு எட்டு மணி. எழுதாமல் படுக்க முடியவில்லை.

பரந்தனில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. 2009இல் சனம் மூட்டை முடிச்சோடு ஒவ்வொரு ஊராகத் தள்ளப்பட்டு வந்த அதே வழி. இன்று பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அன்று அவர்களுக்கு மாதக்கணக்கு. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் இருக்கும் இந்த ஒடுங்கிய மணல்திட்டில் கடைசியில் எல்லாரும் முடக்கப்பட்டார்கள். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அதே அறிக்கை புலிகள் சனத்தைப் போகவிடாமல் தடுத்ததையும் தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் எழுதியிருக்கிறது. எங்களில் சிலருக்கு அந்தப் பக்கம் வாசிக்கப் பிடிக்காது. நான் வாசித்தேன். அங்கே நின்றவர்கள் சொல்லவும் கேட்டிருக்கிறேன்.

பத்தரைக்குப் பொதுச்சுடர். அதற்குப் பிறகு மணலில் நட்டிருந்த தீப்பந்தங்களை அவரவர் ஏற்றினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பந்தம் என்று இல்லை, சில குடும்பங்களுக்கு ஏழு, எட்டு. பெயர் சொல்லி அழுகிறார்கள். வெயிலில் எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. நான் சின்ன வயதில் என்னோடு படித்தவளுக்காக ஒன்று ஏற்றினேன்.

கஞ்சியைச் சிரட்டையில் தந்தார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. அவ்வளவுதான். கடைசி நாட்களில் அந்தக் கஞ்சிக்கும் வரிசை, அந்த வரிசையிலும் செல் விழுந்தது. சிரட்டையின் ஓரத்தில் தும்பு ஒட்டியிருந்தது, கஞ்சி நல்ல சூடு. குடித்து முடிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எதையும் ஏற்றவில்லை. கையில் மகனின் படம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததைப் பெருப்பித்து லாமினேற் பண்ணியது, நீலப் பின்னணி. வியர்வை உள்ளே இறங்கி ஒரு மூலை வெளிறிப்போயிருந்தது. 2009 மே 18 அன்று வட்டுவாகல் பாலம் தாண்டியதும், விசாரித்துவிட்டு விடுவோம் என்ற பேச்சை நம்பி, தன் கையாலேயே ஆமியிடம் ஒப்படைத்த மகன். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் இருக்கும் தாய்மாரில் இவரும் ஒருவர். அந்தப் போராட்டம் 1,900 நாட்களைத் தாண்டிவிட்டது.

"செத்தவைக்கு விளக்கு வைக்கினம். என்ர பிள்ளைக்கு நான் என்னத்தை வைக்கிறது?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கஞ்சி வாங்கிவந்து கொடுத்தேன். குடித்தார். பிறகு அவராகவே சொன்னார்: "பால்மா வரிசையில சனம் நிக்குதாம் கொழும்பில. ரேடியோவில சொன்னவை. பாவம். குழந்தையள் என்ன செய்யும்?"

2009 ஏப்ரல் 8. இங்கிருந்து அதிக தூரமில்லை, அம்பலவன்பொக்கணை. பால்மா வாங்க வரிசையில் நின்ற பெண்களும் குழந்தைகளும் செல் விழுந்து செத்தார்கள். ஐ.நா. அறிக்கையில் அதுவும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் அங்கே இருந்தவர். அதைத் தெரிந்துகொண்டுதான் கொழும்புக் குழந்தைகளுக்காகப் பாவப்பட்டார்.

இதை எழுதும்போது செய்தி ஓடுகிறது. கட்டத் தவறிய கடன் தவணைக்குக் கொடுத்திருந்த முப்பது நாள் அவகாசம் இன்றோடு முடிகிறது. வெற்றி விழாவாக இந்த நாட்டில் பல வருடம் கொண்டாடிய நாளிலேயே, நாடு வங்குரோத்து. 2009இல் கொழும்பில் வெடி கொளுத்திப் பாற்சோறு பகிர்ந்தபோது நான் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் ரோட்டில் இருந்தேன். இன்று நான் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கக்கூடும். இல்லை. இது என்னுடைய நாடும்தான். அதனால்தான் அந்த அம்மாவின் மகன் எங்கே என்று கேட்கிறேன். வேறு நாட்டிடம் போய் நான் ஏன் அதைக் கேட்கப் போகிறேன்?

மே 20, வெள்ளி. கோப்பாய்

நேற்று முழுநாளும் படுத்தே கிடந்தேன்.

பின்னேரம் முற்றத்தில் அயலவர்கள் கூடினார்கள், பேச்சு முழுக்கச் சென்னைக் கப்பலைப் பற்றி. தமிழ்நாட்டு அரசு அனுப்பிய அரிசி, பால்மா, மருந்தோடு புதன்கிழமை புறப்பட்ட கப்பல். மொத்தமாக 40,000 தொன் அரிசி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இது முதல் தவணை. முதலில் ஈழத்தமிழருக்கு என்றுதான் பேச்சு எழுந்தது. தமிழருக்கு என்று பிரித்து அனுப்பாதீர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று இங்குள்ள தமிழ்த் தலைவர்கள் கேட்டுக்கொண்டதை முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையிலேயே சொன்னார்.

ஒரு தம்பி, சின்னப் பெடியன்தான், கோபத்தோடு கேட்டான்: "எங்களுக்குச் சாப்பாட்டை மறிச்சவைக்கு நாங்கள் ஏன் கேட்டுக் குடுக்கோணும்?" சித்தப்பா உடனே பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தபிறகுதான் சொன்னார்: "மறிச்சது அரசாங்கம். வரிசையில நிக்கிறது சனம்." தம்பி ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த அரசாங்கத்துக்கு வாக்குப் போட்டது யார் என்று திருப்பிக் கேட்டான். அதுவும் உண்மை. 2019 நவம்பரில் கோட்டாபயவை வெல்லவைத்த வாக்கு எங்கிருந்து வந்தது என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, கான்களை எடுத்துக்கொண்டு ஒன்றாகவே வரிசைக்குப் போனார்கள்.

மே 23, திங்கள். காலிமுகத்திடல்

நேற்று ரயிலில் கொழும்பு திரும்பினேன். கப்பலும் நேற்று கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. காலையில் சித்தப்பாவின் பேத்தி போன் எடுத்தாள், முதல் நாள் சோதனை நல்லமாம்.

பிறகு காலிமுகத்திடலுக்குப் போனேன். 'கோட்டா கோ கம', அதாவது 'கோட்டா போ' கிராமம் என்ற போராட்டக் கூடாரங்கள், தொடங்கி ஆறு கிழமை. 9ஆம் திகதி எரித்த கூடாரங்களை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நூலகம், சமையல் கொட்டகை, முதலுதவி. தமிழிலும் பதாகைகள் உண்டு, சிலதில் எழுத்துப் பிழையோடு. போன மாதம் இங்கே தேசிய கீதத்தைத் தமிழில் பாடியதைக் காணொளியில் பார்த்தபோது அழுதிருக்கிறேன். 2020 சுதந்திர தினத்திலிருந்து அரசு விழாவில் நிறுத்திய பாட்டு அது.

இந்தப் புல்தரைக்கு வேறொரு நாளும் இருக்கிறது. 1956 ஜூன் 5. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து செல்வநாயகமும் தமிழரசுக் கட்சியினரும் இங்கேதான் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். குண்டர்கள் அடித்து விரட்டினார்கள், அமிர்தலிங்கத்துக்குத் தலையில் காயம். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. 66 வருடம் கழித்து, இதே இடத்தில், இதே மாதிரி, பிரதமர் வீட்டிலிருந்து வந்த கும்பல் சிங்களப் பிள்ளைகளை அடித்தது.

சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணோடு பேச்சுக் கொடுத்தேன். களனிப் பக்கம், பல்கலைக்கழக மாணவி. 18ஆம் திகதி இங்கே முள்ளிவாய்க்கால் நினைவு நடந்ததல்லவா, அன்று கஞ்சி பகிர்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. கடலில் பூப் போட்டார்களாம். 2009இல் அவளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் பாற்சோறு தந்தார்கள், கொடி ஆட்டினேன் என்றாள். கஞ்சி என்றால் என்ன, ஏன் என்று இந்த வருஷம்தான் ஒரு தமிழ்ப் பொடியன் சொல்லித் தெரியும். வீட்டில் சொன்னபோது அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம். அண்ணன் ஆமியில் இருந்தவர், ஒரு காலை இழந்தவர். அவர் மட்டும் மெல்ல, "கஞ்சி உப்பாக இருந்ததா?" என்று கேட்டாராம்.

நான் அந்த அம்மாவைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். நீலப் பின்னணிப் படம், வட்டுவாகல், 1,900 நாள், பால்மா வரிசை. என் சிங்களம் போதவில்லை, அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள், இரண்டும் போதாத இடத்தில் போனில் வரைபடத்தைக் காட்டினேன். அவள் அழுதாள். அழுகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டாபய போவார், இன்னொருவர் வருவார், காஸும் பெற்றோலும் என்றாவது வரும். வந்தபிறகும் இந்தப் பெண் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்பாளா என்பதுதான் எனக்குப் பெரிது. அதை அவளிடமே கேட்டேன்.

"அக்கா, நான் அங்கே வந்தால் அவர்கள் என்னைத் துரத்தமாட்டார்களா?"

துரத்தமாட்டார்கள் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது, சிலர் முகம் கொடுக்காமலும் இருக்கலாம், இருந்தாலும் வா என்றேன். பேப்பரும் பேனையும் எடுத்தாள்.

மே 24, செவ்வாய். கட்டுநாயக்கா

இன்று அதிகாலையிலிருந்து பெற்றோல் லீற்றர் 420, டீசல் 400. என்னை ஏற்றிவந்தவர் அதே நீர்கொழும்புக்காரர். சொன்ன வாடகைக்கு மேல் ஒரு ரூபா வாங்க மறுத்துவிட்டார். கட்டாயப்படுத்தி, மிஞ்சியிருந்த பால்மாப் பெட்டியை அவருடைய வீட்டுக்குக் கொடுத்தேன்.

நேற்று அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த வழியை இங்கேயும் போட்டுவிடுகிறேன், தெற்கிலிருந்து வாசிக்கிற நாலு பேர் தங்கள் நண்பர்களுக்குச் சொல்லலாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில் ஏறி, கிளிநொச்சி தாண்டிப் பரந்தன் சந்தியில் இறங்குங்கள். அங்கே முல்லைத்தீவு பஸ் எடுத்து, புதுக்குடியிருப்புக்கு அப்பால் முள்ளிவாய்க்கால் என்று கேட்டு இறங்க வேண்டும். மே 18, காலை பத்தரைக்கு முதல் போய்விடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், நிழல் இல்லை. மற்ற நாளில் போவதானால் கிளிநொச்சியிலேயே இறங்கி, படங்களோடு இருக்கும் அம்மாமார் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.